சமுதாயக் கல்லூரியின் கதை – 7: சாவி சாக்ரமெண்டோவுக்குப் போனது

1935 ஆகஸ்டில் சான்பிரான்சிஸ்கோ நகரம் ஒரு கல்லூரி திறந்தது. கட்டடம் கிடையாது, மைதானம் கிடையாது, பெயர்ப்பலகை மாட்ட ஒரு வாசல்கூடக் கிடையாது. காலையில் பவல் தெருவில் இருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையத்தில் பாடம். மதியத்துக்கு மேல் கலிலியோ உயர்நிலைப் பள்ளியில். மாணவர் கூட்டம் பெருகப் பெருக வகுப்புகள் நகரெங்கும் சிதறின. ஒரு கட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் பாடம் நடந்தது. ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்குள் பாதி ஊரைக் கடக்க வேண்டும். டிராமில் தொற்றிக்கொண்டு ஓடிய மாணவர்களைப் பார்த்து ஊரார் வைத்த பெயர் 'டிராம் கல்லூரி'.

இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட்டில் 1901-ல் ஆறு மாணவர்களோடு தொடங்கிய ஏற்பாடு கலிபோர்னியாவுக்கு எப்படி வந்தது என்பதை முன் இதழ்களில் பார்த்தோம். 1907-ல் செனட்டர் அந்தோனி காமினெட்டி கொண்டுவந்த சட்டம், உயர்நிலைப் பள்ளிகள் தம் மாணவர்களுக்குக் கல்லூரியின் முதல் இரண்டாண்டுப் பாடத்தையும் நடத்தலாம் என்று அனுமதித்தது. 1910-ல் ஃப்ரெஸ்னோ முந்திக்கொண்டது. சான்பிரான்சிஸ்கோ கால் நூற்றாண்டு தாமதம். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் பெர்க்லி, தெற்கே ஸ்டான்ஃபோர்டு என்று இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கும்போது நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டார்கள். பெருமந்தம் வந்து வேலையும் இல்லாமல், பெர்க்லிக்குப் போகப் பணமும் இல்லாமல் இளைஞர்கள் தெருவில் நின்றபோதுதான் நகரப் பள்ளித்துறைக்கு உறைத்தது. பள்ளித்துறை அதிகாரியாக இருந்த ஆர்ச்சிபால்டு கிளவுட் முதல் தலைவரானார். கல்லூரியின் பெயர் சான்பிரான்சிஸ்கோ ஜூனியர் கல்லூரி.

இந்தத் தொடரில் எத்தனையோ கல்லூரிகள் வந்து போகின்றன. இதற்கு மட்டும் ஓர் இதழ் முழுக்க ஒதுக்கக் காரணம் உண்டு. சமுதாயக் கல்லூரி ஒன்றுக்கு யார் பணம் தருகிறார்கள், யார் ஆள்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை இருந்த காலமும், விடைகள் பிரிந்துபோன காலமும் இங்கே தெளிவாகத் தெரியும் அளவுக்கு வேறெங்கும் தெரியாது.

தொடக்கத்தில் விடை ஒன்றுதான். நகரத்துப் பள்ளி மாவட்டம் வரி வசூலித்தது. அதே மாவட்டத்தின் கல்விக் குழு கல்லூரியை நடத்தியது. பெட்டியும் சாவியும் ஒரே கையில். கல்லூரிக்கென்று கிடைத்த இடம் நகரின் தெற்கே பல்போவா பூங்கா அருகே, 50 ஏக்கருக்கு மேல் விரிந்த ஒரு மேட்டு நிலம். அங்கே அதுவரை இருந்தது இங்கிள்சைடு சிறைச்சாலை. சிறை எழுந்து போன இடத்தில் டிமோத்தி ஃப்ளூகர் என்ற கட்டடக் கலைஞர் அறிவியல் மாளிகையை வடிவமைத்தார். ரூஸ்வெல்ட் அரசின் வேலைவாய்ப்புத் திட்டங்கள் கைகொடுத்தன. 1940-ல் வகுப்புகள் அங்கே குடியேறின.

ஃப்ளூகர் ஆசைக்காரர். அதே 1940-ல் டிரெஷர் தீவில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே பார்வையாளர்கள் கண்முன்னே சுவரோவியம் தீட்ட மெக்சிகோவிலிருந்து தியெகோ ரிவேராவை வரவழைத்தார். 22 அடி உயரம், 74 அடி நீளம், பத்துப் பலகைகள். வட அமெரிக்கத் தொழில்திறனும் தென்னவரின் கலை மரபும் கைகோக்கும் காட்சி. கண்காட்சி முடிந்ததும் ஓவியம் கல்லூரியில் கட்டப்போகும் பெரிய நூலகத்துக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. நூலகம் எழவில்லை. போர் வந்தது, 1946-ல் ஃப்ளூகர் இறந்துபோனார். ரிவேராவின் மிகப் பெரிய படைப்புகளில் ஒன்று பெட்டிகளில் கட்டுண்டு கிடந்தது. 1961-ல்தான் கல்லூரி நாடக அரங்கின் முன்கூடத்தில், முழுதாக விலகி நின்று பார்க்க இடமில்லாத ஒரு சுவரில், அது ஏறியது. ஓவியத்துக்கு ஓவியர் கிடைத்துச் சுவருக்கு நிதி கிடைக்காமல் போன இந்தக் கதையைப் பல்போவா பூங்கா வளாகத்தில் பழைய ஆசிரியர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இதே சிக்கல் வேறு உருவங்களில் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

1936-லேயே உணவகம், விடுதி நிர்வாகப் பயிற்சி ஆரம்பித்தாகிவிட்டது. சுற்றுலாவால் பிழைக்கும் நகரத்துக்கு அது பொருத்தம். போர் முடிந்ததும் படைவீரர்கள் அரசு உதவித்தொகையோடு வந்து குவிந்தார்கள். 1948-ல் பெயர் 'சிட்டி காலேஜ் ஆஃப் சான்பிரான்சிஸ்கோ' ஆயிற்று. 1960-ல் மாநிலம் தன் உயர்கல்விப் பெருந்திட்டத்தை வகுத்தது: பள்ளி முடிப்பவர்களில் மேல்தட்டு எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், மீதி எல்லோருக்கும் ஊர்க் கல்லூரிகள். அந்த 'எல்லோருக்கும்' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கட்டணம் கிடையாது. மதிப்பெண் பார்ப்பதில்லை.

1970-ல் கல்லூரி பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. பிரியும்போது தனியாக வரவில்லை. நகரில் வயதுவந்தோருக்கான பள்ளிகளையும் தொழிற்பயிற்சி மையங்களையும் சேர்த்துக்கொண்டு வந்தது. சைனா டவுனில் ஆங்கிலம் கற்கும் பாட்டிகள், மிஷன் பகுதியில் குடியுரிமைத் தேர்வுக்குத் தயாராகும் எல் சால்வடார்க் குடும்பங்கள், மாலையில் தையல் பழகும் தொழிலாளிகள் எல்லோரும் புதிய மாவட்டத்தின் மாணவர்கள் ஆனார்கள். இவர்களின் வகுப்புகளுக்குப் பட்டப் புள்ளிகள் கிடையாது, கட்டணமும் கிடையாது. ஆள்வதற்கு ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு, நகர வாக்காளர்களே தேர்ந்தெடுப்பது. அந்தக் குழுவுக்கு ஒரு பெரிய அதிகாரம் இருந்தது. சொத்து வரியில் கல்லூரிக்கான விகிதத்தைச் சட்ட வரம்புக்குள் அதுவே வைத்துக்கொள்ளலாம். அதிகம் செலவழிக்க நினைத்தால் அதிகம் வரி போட வேண்டும்; வரி போட்டால் அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டும். வாக்குறுதிக்கும் வசூலுக்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு.

அந்த ஏற்பாடு எட்டாண்டுதான் நீடித்தது.

1978 ஜூன் 6 அன்று கலிபோர்னிய வாக்காளர்கள் முன்மொழிவு 13-ஐ நிறைவேற்றினார்கள். வீட்டு மதிப்பு ஏற ஏறச் சொத்து வரி கழுத்தை நெரிக்கிறது என்று கொதித்த வீட்டுக்காரர்களின் புரட்சி அது. சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மதிப்பை 1975 கணக்குக்குப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கைமாறும்வரை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் மதிப்பை ஏற்றக் கூடாது. ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று புது வரி போட மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். மாநிலம் முழுவதும் சொத்து வரி வருவாய் ஒரே ஆண்டில் பாதிக்கும் மேல் சரிந்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் மூழ்காமல் இருக்க மாநில அரசு தன் கையிருப்பை இறக்கியது. கை கொடுத்தவர் கணக்குக் கேட்பது இயல்பு. ஊர் ஊராக இருந்த பணப்பெட்டிகளின் சாவி அந்த ஆண்டோடு தலைநகர் சாக்ரமெண்டோவுக்குப் போனது. ஏழு பேர் குழு மட்டும் சான்பிரான்சிஸ்கோவில், வாக்காளர்களுக்கு முன்னால், அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது.

இதன் முழு அர்த்தம் புரியக் கணக்கு முறையை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரி மாவட்டத்துக்கும் முக்கியமாக முழுநேர மாணவர் கணக்கில் இவ்வளவு தொகை என்று மாநிலம் தீர்மானிக்கிறது. அதில் உள்ளூர்ச் சொத்து வரியில் வரும் பங்கையும் மாணவர் கட்டணத்தையும் கழித்துக்கொண்டு, மீதியை மட்டும் அனுப்புகிறது. உள்ளூர் வரி கூடினால் மாநிலப் பங்கு அதே அளவு குறையும். கணினித் தொழிலால் சான்பிரான்சிஸ்கோவின் மனை விலை ஆகாயத்துக்குப் போன ஆண்டுகளில், அந்த நகரத்துக் கல்லூரிக்கு அதனால் ஒரு டாலர்கூடக் கூடுதல் இல்லை. சொத்து வரியே மாநிலக் கணக்கைத் தாண்டிவிட்ட சில பணக்கார மாவட்டங்கள் மட்டும் மிச்சத்தைத் தாமே வைத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே இருக்கும் சான் மட்டேயோவுக்கு அந்த யோகம் வாய்த்தது, சான்பிரான்சிஸ்கோவுக்கு வாய்க்கவில்லை. ஆசிரியரின் வாடகை மட்டும் உள்ளூர் விலையில். போதாக்குறைக்கு, பட்டப் புள்ளி இல்லாத வகுப்புக்கு மாநிலம் தந்த தொகை, புள்ளி உள்ள வகுப்புக்குத் தந்ததைவிடப் பல காலம் குறைவு. பாட்டிகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதில் நாட்டிலேயே பெரிய கல்லூரிகளுள் ஒன்றாக இருந்ததற்கு நகரம் கொடுத்த விலை அது.

1984-ல் முதன்முறையாக மாநிலம் தழுவிய கட்டணம் வந்தது, பாடப் புள்ளிக்கு 5 டாலர். இலவசம் என்ற சொல் அன்றோடு போயிற்று. 1988-ல் இரண்டு நிகழ்வுகள். முன்மொழிவு 98, மாநிலப் பொது நிதியில் குறைந்தபட்சப் பங்கு ஒன்றைப் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் உறுதி செய்தது. ஆனால் அந்தப் பங்கில் பத்தில் ஒன்றைச் சற்றுத் தாண்டியதுதான் கல்லூரிகளுக்குப் போகும், பெரும் பகுதி பள்ளிகளுக்கு. அதே ஆண்டு ஆளுநர் டுக்மேஜியன் கையெழுத்திட்ட 1725-ஆம் மசோதா, கல்லூரி நிர்வாகத்தில் ஆசிரியர், ஊழியர், மாணவர் எல்லோருக்கும் பங்கு தந்தது. பாடத்திட்டம் முதலிய கல்வி விஷயங்களில் ஆசிரியர் பேரவையின் சொல்லுக்கு முதலிடம். பள்ளிக்கூட மேலாளர் பாணியிலிருந்து பல்கலைக்கழக பாணிக்கு மாறிய நல்ல சட்டம். சிட்டி காலேஜ் அதை ஊன்றிப் பிடித்துக்கொண்டது. குழுக்கள், துணைக் குழுக்கள், சங்கங்கள். துறைத் தலைவர்களுக்கே தனிச் சங்கம். எந்த முடிவுக்கும் எல்லோரையும் கேட்க வேண்டும். நல்ல காலத்தில் இது ஜனநாயகம். பணமில்லாத காலத்தில் எதை வெட்டுவது என்று கேட்டால் அத்தனை குழுக்களும் சேர்ந்து ஒரே பதில்தான் சொல்லும், எங்களுடையதை அல்ல என்று.

கட்டடங்களுக்கு வேறு சட்டம் என்பது இன்னொரு விநோதம். 2000-ல் நிறைவேறிய முன்மொழிவு 39-க்குப் பிறகு கட்டடக் கடன்பத்திரத்துக்கு 55 சதவீத வாக்கு போதும். 2001-ல் 19.5 கோடி டாலர், 2005-ல் 24.63 கோடி டாலர் என்று நகர வாக்காளர்கள் தாராளமாகத் தந்தார்கள். மிஷன் பகுதியில் புது வளாகம், சைனா டவுன் ஓரத்தில் 14 மாடி என்று எழுந்தன. சைனா டவுன் கட்டடத்துக்காக அந்தச் சமூகம் பல்லாண்டு போராடியிருந்தது. 2012-ல் அது திறந்த அன்று கிடைத்த மகிழ்ச்சியில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கடன்பத்திரப் பணத்தில் செங்கல் வாங்கலாம், ஆசிரியருக்குச் சம்பளம் தர முடியாது. புதிய மாடிகளுக்கு மின்சாரமும் காவலும் துப்புரவும் பழைய, சுருங்கிய பெட்டியிலிருந்தே போக வேண்டும். புதுக் கட்டடம் நிற்க, உள்ளே பாடம் நடத்த ஆள் போட முடியாத அரசுக் கல்லூரிகளை நம்மூரிலும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2008-ல் பொருளாதாரம் சரிந்தபோது சிட்டி காலேஜின் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சம். சாக்ரமெண்டோ வெட்டத் தொடங்கியது. புள்ளிக்கு 20 டாலராக இருந்த கட்டணம் 2009-ல் 26, 2011-ல் 36, 2012 கோடையில் 46. மாநிலமெங்கும் கல்லூரிகள் வகுப்புகளை மூடின, பகுதிநேர ஆசிரியர்களை அனுப்பின. சிட்டி காலேஜ் முடிந்தவரை எதையும் மூடாமல், யாரையும் நீக்காமல் தாக்குப்பிடிக்கப் பார்த்தது. ஊதியம் குறைத்துக்கொண்டார்கள், நிர்வாகப் பணியிடங்களைக் காலியாக விட்டார்கள், கையிருப்பைக் கரைத்தார்கள். பட்ஜெட்டில் 92 சதவீதம் சம்பளத்துக்கும் ஊழியர் சலுகைகளுக்குமே போனது. கணக்கர் கண்ணில் இது ஊதாரித்தனம். சைனா டவுன் பாட்டியின் கண்ணில் வகுப்பு மூடாமல் இருந்தது. இரண்டும் உண்மைதான். ஆனால் ஒரு குழு தன்னிடம் இல்லாத பணத்தை நம்பி வாக்குக் கொடுப்பதை எத்தனை காலம் நடத்த முடியும்? வரி போடும் அதிகாரம் 1978-லேயே போய்விட்டது. வாக்குக் கொடுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

2012 ஜூலையில் இடி விழுந்தது. மேற்கு மாநிலங்களின் சமுதாயக் கல்லூரிகளை மதிப்பிடும் அங்கீகார ஆணையம், உங்கள் அங்கீகாரத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று காரணம் கேட்டு ஆணை அனுப்பியது. அமெரிக்காவில் இந்த அங்கீகாரத்தைத் தருவது அரசு அல்ல. கல்லூரிகளே உறுப்பினராகி நடத்தும் தனியார் அமைப்பு. ஆனால் அதன் முத்திரை இல்லாவிட்டால் மத்திய அரசின் மாணவர் உதவித்தொகை கிடையாது, அங்கே படித்த பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்காது, மாநில நிதி வராது. அதாவது மூடுவிழா. பாடம் நடத்தும் தரத்தைப் பற்றி ஆணையம் பெரிதாகக் குறை சொல்லவில்லை. 14 பரிந்துரைகளில் கனமானவை நிதியைப் பற்றியும் ஆளுகையைப் பற்றியுமே இருந்தன: கையிருப்பு இல்லை, நிர்வாகிகள் போதவில்லை, யார் முடிவெடுப்பது என்பதில் தெளிவு இல்லை.

வெறும் மிரட்டல் என்று யாராலும் இருக்க முடியவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே காம்ப்டன் கல்லூரி 2006-ல் அங்கீகாரம் இழந்து, பக்கத்து எல் கமினோ கல்லூரியின் கிளையாகச் சுருங்கிப் போயிருந்தது. அது மீண்டும் அங்கீகாரம் பெற 2017 வரை ஆயிற்று.

நவம்பர் 2012-ல் இரண்டு வாக்கெடுப்புகள் கல்லூரியைக் காப்பாற்ற வந்தன. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் முன்வைத்த முன்மொழிவு 30, உயர்வருவாய்க்காரர்கள் மீதும் விற்பனை மீதும் தற்காலிக வரி. நகர அளவில் முன்மொழிவு ஏ: ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 79 டாலர், எட்டாண்டுக்கு. கல்லூரிக்கென்றே கேட்பதால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அங்கீகாரம் போகுமோ என்ற நிலையில் உள்ள கல்லூரிக்கு யார் வரி கொடுப்பார்கள் என்று கேட்டவர்களுக்கு விடை 72 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. முப்பத்துநாலு ஆண்டு கழித்து, சாக்ரமெண்டோ கழித்துக்கொள்ள முடியாத சொந்த வருமானம் கல்லூரிக்குக் கொஞ்சம் வந்தது.

ஆணையம் இதற்கெல்லாம் இளகவில்லை. 2013 ஜூலையில் அங்கீகாரத்தை ரத்து செய்வதாகவும், அது 2014 ஜூலை 31-ல் நடைமுறைக்கு வரும் என்றும் அறிவித்தது. உடனே மாநிலச் சமுதாயக் கல்லூரிகளின் ஆளுகைக் குழு, ஏற்கெனவே சிறப்பு அறங்காவலராக இருந்த ராபர்ட் அக்ரெல்லாவுக்கு முழு அதிகாரமும் கொடுத்தது. மக்கள் தேர்ந்தெடுத்த ஏழு பேருக்கும் ஒன்றும் இல்லை. கூட்டம் போடக்கூட அவசியமில்லை. ஆர்தர் டைலர் புதிய சான்சலராக வந்தார். ஊழியர்களும் மாணவர்களும் ஊர்வலம் போனார்கள். பெட்டியின் சாவி 1978-ல் போனது என்றால், நாற்காலி 2013-ல் போயிற்று.

எதிர்த்து நின்றது யார் என்பது சுவையானது. நகர வழக்கறிஞர் டென்னிஸ் ஹெரேரா அந்த ஆகஸ்டில் ஆணையத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். ஆசிரியர் சங்கமும் தனியே முறையிட்டது. மத்தியக் கல்வித் துறை பார்த்துவிட்டு ஆணையத்தின் நடைமுறையிலேயே ஓட்டைகள் இருப்பதாகச் சொன்னது: மதிப்பீட்டுக் குழுவில் ஆசிரியர்கள் மிகக் குறைவு, போதாததற்கு ஆணையத் தலைவரின் கணவரே அந்தக் குழுவில் ஒருவர். கல்லூரியிடம் ஆளுகைத் தெளிவு கேட்டவர்களின் வீட்டு நிலைமை இது. 2014 ஜனவரி 2 அன்று நீதிபதி கர்டிஸ் கார்னோ, வழக்கு முடியும்வரை ரத்து செய்யக் கூடாது என்று தடை விதித்தார். அக்டோபரில் விசாரணை, 2015 தொடக்கத்தில் தீர்ப்பு. ஆணையம் சட்டத்தை மீறியது உறுதி, ஆனால் கல்லூரிக்கும் குறைகள் இருந்தன என்ற இருபக்கத் தீர்ப்பு. ஆணையமும் இதற்குள் இரண்டாண்டு 'மீட்பு நிலை' என்ற புதுக் கதவொன்றைத் திறந்து வைத்திருந்தது. நிர்வாகக் குழுவுக்கு 2015-ல் அதிகாரம் திரும்பியது. 2017 ஜனவரியில் ஏழாண்டுக்கு முழு அங்கீகாரம்.

நீதிமன்றத்தில் வென்றாலும் வகுப்பறை காலியாகிக்கொண்டிருந்தது. மூடப்போகிற கல்லூரியில் யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள்? ஐந்தாண்டில் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. மாணவர் தலைக்குத் தொகை என்ற கணக்கில் இது மரண அடி. செனட்டர் மார்க் லெனோ 2014-ல் கொண்டுவந்த சட்டம், எண்ணிக்கை குறைந்தாலும் சில ஆண்டுகளுக்குப் பழைய அளவையொட்டிப் பணம் தர வழி செய்தது. அது இல்லாவிட்டால் 2017-ல் அங்கீகாரம் கொடுக்கக் கல்லூரி இருந்திருக்காது.

2016 நவம்பர் வாக்கெடுப்பைத் தேர்தல் தந்திரத்தின் பாடம் என்று சொல்லலாம். மனை வரி 99 டாலராக உயர்ந்து 15 ஆண்டுக்கு நீண்டது. அது முன்மொழிவு பி. அதோடு நகர மேற்பார்வைக் குழு உறுப்பினர் ஜேன் கிம் முன்னின்ற முன்மொழிவு டபிள்யூ: 50 லட்சம் டாலருக்கு மேல் விலைபோகும் சொத்து கைமாறும்போது கூடுதல் வரி. கல்லூரியை இலவசமாக்கத்தான் என்று பிரசாரம் செய்தார்கள். ஆனால் சட்டத்தின் வாசகத்தில் கல்லூரி என்ற சொல்லே இல்லை. பணம் நகரின் பொது நிதிக்குத்தான் போகும். காரணம் முன்மொழிவு 13. கல்லூரிக்கென்று எழுதினால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பொதுவாக எழுதினால் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். கிடைத்தது 62 சதவீதம். எழுதியிருந்தால் தோற்றிருக்கும்.

எழுதாததால் இன்னொரு சிக்கல். வந்த பணத்தை மேயர் எட் லீ வேறு செலவுகளுக்கும் திருப்பலாம். இழுபறி சில மாதம். 2017 பிப்ரவரியில் உடன்பாடு வந்து, அந்த ஆண்டின் இலையுதிர் பருவத்திலிருந்து ஓராண்டுக்கு மேல் நகரில் வசிக்கும் எவருக்கும், வருமானம் பார்க்காமல், புள்ளிக்கு 46 டாலர் கட்டணம் நீங்கியது. ஏற்கெனவே கட்டண விலக்குப் பெற்ற ஏழை முழுநேர மாணவர்களுக்குப் பருவத்துக்கு 250 டாலர் புத்தகச் செலவுக்கு. முதல் பருவத்திலேயே சேர்க்கை ஏறியது. நகரம் தன் குடிமக்கள் எல்லோருக்கும் கல்லூரியை இலவசமாக்கியது நாடெங்கும் செய்தியாயிற்று. 2019-ல் பத்தாண்டு ஒப்பந்தம்.

ஆனால் கணக்கு முறையை மறக்கக் கூடாது. மாணவர் கட்டிவந்த கட்டணத்தை நகரம் கட்டியது. மாநிலமோ கட்டணம் யார் கையிலிருந்து வந்தாலும் கழித்துக்கொள்ளும். ஆக, இலவசத் திட்டத்தால் கல்லூரிப் பெட்டிக்கு நேரடியாக வந்தது சொற்பம். மாணவர் வந்தார்கள், அவர்களுக்கு வகுப்பு திறக்கப் பணம் வேறிடத்திலிருந்து வர வேண்டும். இந்த முரணை நகரத்து அரசியல்வாதிகள் மேடையில் சொன்னதில்லை.

2018-ல் பிரவுன் அரசு மாநில நிதிச் சூத்திரத்தையே மாற்றியது. தலைக்கணக்கோடு, எத்தனை ஏழை மாணவர்கள், எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள் என்பதும் சேர்ந்தன. சான்றிதழுக்காக அன்றி மொழிக்காகவோ ஒரு கைத்தொழிலுக்காகவோ வருகிறவர்கள் நிறைந்த கல்லூரிக்கு இது சாதகமில்லை. பழைய அளவுக்குக் குறையாமல் தருவோம் என்ற இடைக்கால உறுதி தாங்கிப் பிடித்தது. 2020 மார்ச்சில் வாக்காளர்கள் கட்டடங்களுக்கு 84.5 கோடி டாலர் கடன்பத்திரம் கொடுத்தார்கள். செங்கலுக்கு மறுபடியும் தட்டில்லை. அதே மாதம் கொரோனா வந்து வகுப்பறைகளைப் பூட்டியது. 2022 மே மாதத்தில் முழுநேர ஆசிரியர்கள் 38 பேருக்கு வேலைநீக்க ஆணை போனது. எதையும் மூடாத கல்லூரி என்று பெயரெடுத்த இடத்தில்.

ஆறு மாதத்தில் தேர்தல். 2022 நவம்பரில் நகர வாக்காளர்கள் வேலைநீக்கத்துக்கு வாக்களித்த பழைய உறுப்பினர்களைத் தோற்கடித்தார்கள். வகுப்புகளை மீட்போம் என்ற ஆசிரியர் சங்க ஆதரவு வேட்பாளர்களை நிர்வாகக் குழுவுக்கு அனுப்பினார்கள். அதே வாக்குச்சீட்டில் கல்லூரிக்காக மேலும் ஒரு மனை வரி கேட்ட முன்மொழிவு ஓ இருந்தது. குடிமக்கள் கையெழுத்து திரட்டிக் கொண்டுவந்ததால் அதற்குப் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். அதைப் பெரும்பான்மையோர் நிராகரித்தார்கள். மீட்கச் சொன்ன விரலே, மீட்கும் பணத்துக்கு மறுப்புச் சொல்லிற்று. 2012-ல் மூடிவிடுவார்கள் என்ற அச்சத்தில் கிடைத்த 72 சதவீதம், அச்சம் நீங்கியதும் கிடைக்கவில்லை.

2024 ஜனவரியில் அங்கீகார ஆணையத்திடமிருந்து அடுத்த எச்சரிக்கை வந்தது. காரணங்கள் இரண்டு தலைப்பில்: நிதி, நிர்வாகக் குழு நடந்துகொள்ளும் விதம்.

(தொடரும்)

அடுத்த இதழில்: 1995-ல் புதுச்சேரியிலும் 1996-ல் சென்னையிலும் முளைத்த சமுதாயக் கல்லூரிகள். வரி போடும் குழுவும் இல்லை, வாக்காளரும் இல்லை. அங்கே பணம் யாருடையது, ஆட்சி யாருடையது?